அரைமணி நிற்கும் ஜீப்பு

போடியிலிருந்து மலைக்குப் போகிற ஜீப்புகளில் முதல் ஜீப்பு பால்ராஜுடையது. அந்த ஜீப்பில் முன்சீட்டு மருதாயியுடையது. இந்த இரண்டையும் ஊரில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

விடியுமுன்னே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியும் சாக்கும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குப் போலீஸ்காரர் நிற்கிற நாளில் ஒரு கணக்கு, நிற்காத நாளில் ஒரு கணக்கு. பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நெருங்கி உட்கார்ந்து, பின்பக்கத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டால் குளிருக்கும் அடக்கம், கணக்குக்கும் அடக்கம்.

மருதாயி அந்த ஜீப்பில் வேலைக்குப் போகிற கூட்டத்துக்கு, அவர்கள் பேச்சில் செட்டுக்கு, கங்காணி. ஆள் சேர்ப்பது, வேலை பிரிப்பது, எஸ்டேட்டில் பேசுவது எல்லாம் அவள்தான். ஐம்பதைத் தொட்ட உடம்பு. பனியிலும் மழையிலும் ஊறிக் கறுத்த கை. அவள் காலையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினால் வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஓடி வருகிறவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஏலக்காய் எஸ்டேட்டில் முதலில் போய் நிற்கிற செட்டுக்குத்தான் பள்ளத்துக் காடு. பள்ளத்தில் ஈரம் நிற்கும், நிழல் இருக்கும், தூருக்குத் தூர் சரம் நிறையக் காய் கிடக்கும். உட்கார்ந்த இடத்தில் கை நிறைய எடுக்கலாம். பிந்திப் போனால் மேட்டுக்காடு. பாறைக்கும் சரிவுக்கும் நடுவே கால் ஊன்ற இடம் தேடவே பொழுது போய்விடும். மருதாயி செட்டு மேட்டுக்காட்டுக்குப் போய் வருசக்கணக்காகிவிட்டது. பெண்கள் அதைச் சந்தையில், தண்ணீர்க் குழாயில், சம்பந்தி வீட்டில் எல்லா இடத்திலும் சொல்வார்கள்.

பால்ராஜ் ஜீப்புக்குப் பின்னாலேயே எப்போதும் பாண்டித்துரை ஜீப்பு வரும். அவன் ஜீப்பில் வேறொரு செட்டு. முந்துவதற்கு அவன் பார்க்காத வளைவு இல்லை.

"அக்கா, ஒரு நாளாவது ரோட்டைப் பாத்து ஓட்ட விடுங்க. உங்க வண்டித் தார்ப்பாயையே பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு" என்பான்.

"தார்ப்பாயி நல்லாத்தானப்பா இருக்கு. பாத்துக்கிட்டே வா. வழி தெரியாமப் போயிறாம" என்பாள் மருதாயி.

ஜீப்பு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மலைக்குப் போகிற சனத்துக்காகவே டாக்டர் ராம்பிரசாத் இருட்டோடு வந்து திறந்துவிடுவார். நர்ஸ் நுஸ்ரத் அவருக்கு முன்பே வந்திருப்பாள். அவளுடைய அத்தா முகைதீன் பிச்சைக்கு ஏலக்காய் யாவாரம். 'காயெடுக்கிற சனம் நல்லா இருந்தாத்தான் நமக்குச் சோறு' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பாள். அது உண்மையோ பொய்யோ, அவள் குத்துகிற ஊசி வலிக்காது என்பது உண்மை.

காலையில் அங்கே ஊசி போட்டுக்கொண்டு, குத்தின இடத்தைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்தபடியே ஜீப்பில் ஏறுவது அந்தப் பெண்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. இடுப்புப் பிடிப்பு, தோள் பிடிப்பு, மூட்டு வலி. நாள் முழுக்கச் செடிக்கு அடியில் குனிந்து, சாயங்காலம் மூட்டையைத் தலையில் தூக்கிச் சரிவில் இறங்கினால் கழுத்துச் சதை கட்டையாக இறுகிவிடும். மாத்திரை வயிற்றைப் புரட்டும், மெதுவாகவும் கேட்கும். ஊசி என்றால் ஜீப்பு மலையுச்சி மெட்டு ஏறுவதற்குள் வலி இறங்கிவிடும்.

நுஸ்ரத் எல்லோரிடமும் ஒன்றே சொல்வாள். "அரைமணி இங்கனயே உக்காந்துட்டுப் போங்கக்கா."

"அரைமணியா? அரைமணியில நாங்க பாதி மலை ஏறிருவோம் ஆத்தா."

"சில ஒடம்புக்குச் சில ஊசி ஒத்துக்காதுக்கா. அது வந்தா வெரசா வரும். பக்கத்துல நாங்க இருக்கணும்ல?"

"எங்க ஒடம்புக்கு ஒத்துக்காதது வீட்டுல படுத்துக் கிடக்கிறது ஒன்னுதான்" என்று மருதாயி சொல்ல, பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள். நுஸ்ரத்தும் சிரிப்பாள். ஆனால் மறுநாளும் அதையே சொல்வாள்.

செட்டில் கை வேகம் என்றால் ரோஜாதான். முப்பது வயசு. வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை அது பாட்டுக்குச் சரத்திலிருந்து காயைக் கழற்றிக்கொண்டே இருக்கும். மருதாயியை மதினி என்று கூப்பிடுவாள். உறவில்லை, பழக்கம். அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கழுத்தைத் தோளோடு ஒட்டிக்கொண்டு, வாந்தியும் எடுத்துக்கொண்டு, அப்படியும் வேலைக்கு வருவாள். அவள் வராத நாளில் செட்டுக்கு ஒரு கை குறைந்த மாதிரி இருக்கும் என்பது மருதாயிக்குத் தெரியும். ரோஜாவுக்கும் தெரியும்.

தை மாதக் கடைசியில், கடைசிச் சுற்றுக் காயெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ரோஜா முதன்முதலாகத் தலைவலிக்கு ஊசி போட்டுக்கொண்டாள். மெட்டைத் தாண்டுவதற்குள் வலி இறங்கிவிட்டது. ஆனால் காட்டில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் தடித்தது. கழுத்தில், வயிற்றில், தொடையில் பட்டை பட்டையாகத் தடிப்பு. சொறிந்து மாளவில்லை.

ஏலக்காட்டில் உடம்பு தடிப்பது புதுசா? பூச்சிமருந்து அடித்த காட்டில் இறங்கினால் யாருக்கும் அரிக்கும். அட்டை கடித்தால் அரிக்கும். மழை நனைத்த இலை உரசினால்கூட அரிக்கும். மருதாயி பார்த்தாள். பக்கத்துக் காட்டில் நேற்றுத்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். வாடை இன்னும் போகவில்லை.

"காத்துல வந்து பட்டுருக்குடி. இந்தா, தேங்கா எண்ணெயத் தேயி" என்று தூக்குவாளிப் பையிலிருந்த பாட்டிலை நீட்டினாள். ரோஜா தேய்த்துக்கொண்டாள். மத்தியானத்துக்கு மேல் தடிப்பு அமுங்கிவிட்டது. அன்றைக்கும் அவள்தான் நிறையக் காய் எடுத்தாள். அந்தச் சமாச்சாரத்தை இருவரும் அதோடு மறந்தார்கள்.

மறுவாரமே தலைவலி திரும்ப வந்தது. அன்றைக்குப் பனி தரையோடு தரையாகக் கிடந்தது. ரோஜா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறினாள். மருதாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். துணைக்கு என்று பெயர், விரட்டுவதற்குத்தான் போனாள். வெளியே பாண்டித்துரை ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். நுஸ்ரத் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "போன தடவை போட்டதுக்கப்புறம் ஒடம்புல எதுவும் ஆச்சாக்கா? அரிப்பு, தடிப்பு?"

ரோஜா வாயைத் திறந்தாள். மருதாயி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒன்னும் இல்ல ஆத்தா. வெரசா போட்டு விடு, வண்டி நிக்குது."

அவள் பொய் சொல்லவில்லை. தடிப்பு வந்தது காட்டில், காரணம் பூச்சிமருந்து, அதற்கும் இந்த அறைக்கும் என்ன சம்பந்தம்? நுஸ்ரத் ரோஜாவின் முகத்தைப் பார்த்தாள். ரோஜாவும் இல்லை என்று தலையாட்டினாள். ஊசி போட்டாயிற்று.

"அரைமணி..." என்று நுஸ்ரத் ஆரம்பிக்குமுன் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையில் ஏறும்போது பெண்கள் யார் வீட்டுச் சீமந்தத்தைப் பற்றியோ பேசிக்கொண்டு வந்தார்கள். ரோஜாதான் அதிகம் பேசினாள். புலியூத்தைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியிருப்பார்கள். பின்னாலிருந்து அவள் பேச்சு நின்றுவிட்டது. மருதாயிக்கு அதுதான் முதலில் உறைத்தது. ரோஜா பேசாத ஜீப்பு எஞ்சின் நின்ற ஜீப்பு மாதிரி.

"ஏண்டி, தூங்கிட்டியா?"

"உள்ளங்கை அரிக்குது மதினி." குரல் வேறு யாருடைய குரல் மாதிரியோ இருந்தது. கரகரவென்று, தொண்டைக்குள்ளேயே நின்ற குரல்.

மருதாயி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். ரோஜாவின் உதடு வீங்கி மடங்கியிருந்தது. கண் இமைகள் உப்பியிருந்தன. கழுத்தில் பட்டை பட்டையாக அதே தடிப்பு.

"அடிவயிறு முறுக்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் தார்ப்பாயை விலக்கி வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்து மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள் விசில் ஊதின மாதிரி சத்தம் வந்தது.

அந்த நொடியில் மருதாயிக்கு எல்லாம் விளங்கியது. இங்கே காடு இல்லை. பூச்சிமருந்து இல்லை. அட்டை இல்லை. இன்னும் மெட்டே வரவில்லை. இன்றைக்கு இவள் உடம்பில் பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாலு, நிறுத்து வண்டிய!"

பால்ராஜ் வளைவில் ஓரமாக நிறுத்தினான். "என்னக்கா? மேல ஏறிருவோமா? மெட்டு பக்கம்தான்."

"மெட்டுல என்ன இருக்கு? டீயும் வடையும் இருக்கு. கீழ விடுறா. ஊசிடா இது. போட்ட ஊசி ஒத்துக்கல. போன வாரமே இவ ஒடம்பு சொல்லுச்சு, நான்தான் காது குடுக்கல."

வளைவின் வெளிப்பக்கத்தில் செல்போனுக்கு சிக்னல் வரும். மருதாயி இறங்கி நுஸ்ரத்தைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதை நாலு வார்த்தையில் சொன்னாள். மறுமுனையில் நுஸ்ரத் பதறவில்லை.

"படுக்க வைங்கக்கா. காலைத் தூக்கி வைங்க. மூச்சுத் திணறுனா தலையை மட்டும் கொஞ்சம் ஏத்தி வைங்க. நடக்க விடாதீங்க, தண்ணி குடுக்காதீங்க. நீங்க எறங்குங்க, நாங்க எதுக்க வர்றோம்."

படுக்க வை என்றால், ஆள் அடைத்திருக்கிற ஜீப்பில் எங்கே படுக்க வைப்பது? மருதாயி திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கை கொடுக்க ஒருத்தி குதிக்க, தூக்குவாளிகள் ரோட்டோரம் வந்து விழுந்தன. சாக்குகளை எல்லாம் ஜீப்புத் தரையில் விரித்து மெத்தையாக்கினார்கள். காளீஸ்வரி என்கிற பெண் தன் கம்பளியை உருவி ரோஜாமேல் போர்த்தினாள். மலைப்பனியில் அவள் நின்றது வெறும் சட்டையோடு.

"நாங்க நடந்து வந்துக்கிறோம். நீங்க போங்க மதினி."

அன்றைக்குக் கூலி போயிற்று என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லவுமில்லை.

அதற்குள் பின்னால் பாண்டித்துரை ஜீப்பு வந்து நின்றது. அவன் தலையை நீட்டினான். "என்ன மாப்ளே, இன்னைக்கு வழி விடுறியா? சாமி கண்ணு தொறந்துருச்சா?"

மருதாயி வெளிச்சத்தை ரோஜா முகத்தில் அடித்துக் காட்டினாள். பாண்டித்துரை பார்த்தான். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு தரம் மிதித்தால் போதும், முதல் ஜீப்பு அவனுடையது. பள்ளத்துக் காடு அவன் செட்டுக்கு.

அவன் தன் ஜீப்புக்குள் திரும்பி, "எல்லாம் எறங்குங்க" என்றான்.

"அப்பு, நம்ம எதுக்கு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"எதுக்க இன்னும் எத்தனை வண்டி ஏறி வருதோ. ஒத்தை ரோட்டுல ஒவ்வொருத்தனையும் இவன் ஓரங்கட்டச் சொல்லிக்கிட்டே எறங்குவானா? நான் முன்னால போயி ரோட்டைத் தொறந்து விடுறேன். எறங்குங்கங்கிறேன்ல!"

அந்த செட்டும் இறங்கியது. வளைவில் இரண்டு ஜீப்புகளும் முன்னும் பின்னும் அசைந்து திரும்பின. பெண்கள் கையிலிருந்த வெளிச்சத்தை எல்லாம் பள்ளத்து விளிம்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு, "வா, வா, இன்னும் வா, போதும்" என்று கத்தினார்கள். பாண்டித்துரை ஜீப்பு முன்னால் பாய்ந்தது. ஹாரனிலிருந்து அவன் கையை எடுக்கவே இல்லை. மேலே ஏறிவந்த ஜீப்புகளும் லோடு ஏற்றப் போகிற லாரிகளும் அந்த சத்தத்துக்கு மலையோடு ஒட்டி ஒதுங்கின.

பின் ஜீப்பில் மருதாயி ரோஜாவின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ரோஜாவின் கை சில்லிட்டுப்போயிருந்தது. மூச்சின் விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. சத்தம் குறைவது நல்லதுக்கில்லை என்று மருதாயிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் தெரிந்தது.

"ஏண்டி, கண்ண மூடாத. பேசுடி. வாய ஓயாமப் பேசுவியே, இப்பப் பேசுடி! சீமந்தத்துல என்ன ஆச்சு? கத்தரிக்கா கூட்டா, பூசணிக்கா கூட்டா?"

ரோஜாவின் வீங்கிய உதடு அசைந்தது. "பூ..." என்றது. அவ்வளவுதான்.

"பூசணிக்காயா? நல்லாவா இருந்துச்சு?"

விரல் மட்டும் மருதாயியின் சேலையைப் பிடித்திருந்தது.

முந்தலுக்கு இறங்குகிற கடைசி வளைவில், எதிரே ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. ஓட்டினது நுஸ்ரத். துப்பட்டாவை இழுத்துக் கட்டியிருந்தாள். பின்னால் டாக்டர் ராம்பிரசாத், மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு, விழுந்துவிடுவோமோ என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் அந்தக் காட்சியை மருதாயி ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

ஸ்கூட்டர் நிற்குமுன்னே டாக்டர் குதித்தார். ஜீப்பின் பின்பக்கம் ஏறினார். சேலையை விலக்கவெல்லாம் நேரமில்லை, துணியோடு சேர்த்துத் தொடையில் ஒரு ஊசியை இறக்கினார். மருதாயிக்குத் தன்னையறியாமல் கை நீண்டது, தடுப்பதற்கு. நுஸ்ரத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அதை முறிக்கிற ஊசிக்கா. விடுங்க."

பாண்டித்துரை ஹாரனை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். மருதாயி ரோஜாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் விசில் சத்தம் திரும்ப வந்தது. பிறகு அது கொஞ்சம் இளகியது. பிறகு ஒரு பெரிய மூச்சு, கிணற்றிலிருந்து வாளி ஏறி வருகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. ரோஜா கண்ணைத் திறந்தாள்.

"பூசணி இல்ல. கத்தரிக்கா" என்றாள்.

மருதாயி வாய்விட்டு அழுதது அப்போதுதான். அவள் அழுது பார்த்தவர்கள் போடியில் அதுவரை இல்லை.

அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு தரம் அடங்கினது மறுபடி கிளம்பும் என்று ராத்திரி முழுக்க வைத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர் ராம்பிரசாத் கூடவே வந்து அங்கிருந்த டாக்டரிடம் விவரம் சொன்னார். "முன்னாடி இந்த மாதிரி எதுவும் வந்ததில்லைன்னு சொன்னாங்க" என்று அவர் சொன்னபோது, மருதாயி முன்னால் வந்து நின்றாள்.

"வந்துச்சுய்யா. போன வாரம் ஒடம்பெல்லாம் தடிச்சுச்சு. பூச்சிமருந்துன்னு நெனச்சேன். நர்ஸ் புள்ள கேட்டப்ப, இவளைச் சொல்லவிடாம நான்தான் இல்லைன்னேன். நுஸ்ரத்து மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல."

குரலைத் தாழ்த்தவில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

படுக்கையிலிருந்து ரோஜா கரகரத்த குரலில், "நீங்க சொல்லாட்டியும் நான் அதத்தான் சொல்லிருப்பேன் மதினி. நானும் பூச்சிமருந்துன்னுதான நெனச்சேன்" என்றாள்.

"நீ பேசாமப் படு. பேசச் சொன்னப்பப் பேசல."

வெயில் ஏறியபோது இரண்டு செட்டுப் பெண்களும் மலையிலிருந்து நடந்தும், வழியில் கிடைத்த லாரியில் ஏறியும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். காட்டில் தின்ன வேண்டிய சோறு. வருசக்கணக்காக ஒருவரையொருவர் முந்தப் பார்த்த இரண்டு செட்டும் அன்றைக்குத்தான் ஒருவர் குழம்பை ஒருவர் தொட்டுப் பார்த்தது. "அடி ஆத்தி, இந்தக் குழம்பத் தின்னுக்கிட்டா எங்க பின்னாலயே வந்தீங்க? இதுக்கு முந்தியே போயிருக்கலாமே" என்று காளீஸ்வரி சொல்ல, அந்த செட்டுக்காரிகள் அவளைத் துரத்தினார்கள். ரோஜாவின் புருசன் சின்னமுத்து வந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். எதற்குக் கும்பிடுகிறான் என்று தெரியாத மாதிரி எல்லோரும் சோற்றில் கண்ணாக இருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் ராம்பிரசாத் ரோஜாவிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். டைக்ளோஃபினாக். இதுவும், இந்த வகையில் எதுவும், ஊசியாகவும் வேண்டாம், மாத்திரையாகவும் வேண்டாம். எங்கே போனாலும், எந்த டாக்டரிடமும், வாயைத் திறந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு வேறு மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று, வராமலே தடுக்கலாம். ஆனால் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்.

"பேரு இன்னொரு தரம் சொல்லுங்க சார்."

சொன்னார். வீட்டுக்குப் போவதற்குள் ரோஜா அதை மறந்தாள். நுஸ்ரத் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டு ஜாக்கெட்டுக்குள் வேர்வையில் கரைந்தது. மறுபடி எழுதினாள். அது காட்டில் மழையில் போயிற்று.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனபோது ரோஜா அதற்கு வழி கண்டுபிடித்தாள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பச்சை குத்துகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நுஸ்ரத்திடம் பேனாவால் முன்கையிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ்சு ஏறியிருந்தாள்.

பச்சை குத்துகிறவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, புருசன் பேரா?"

"எனக்கு ஆகாதவன் பேரு. நல்லாப் பெருசாக் குத்துங்க."

சின்னமுத்து பக்கத்திலேயே நின்றான். "என் பேரைக் குத்தச் சொன்னப்ப வலிக்கும்னா. இவனுக்கு மட்டும் வலிக்கலையாம்."

மறுநாள் ஜீப்பில் எல்லோரும் அந்தக் கையை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே, பச்சை எழுத்தில்: டைக்ளோஃபினாக் ஆகாது. ஆஸ்பத்திரி வாசலில் நுஸ்ரத் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "புது ஊசிதான குத்துனாங்க? நல்ல ஊசியான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். கவரைக் கிழிச்சு எடுத்தாரு. அங்கனயே அரைமணி உக்காந்துட்டும் வந்தேன். கேளு எங்க வீட்டுக்காரரை."

அந்த அரைமணிதான் மருதாயி போட்ட சட்டம். பால்ராஜ் ஜீப்பில் ஏறுகிற யார் ஊசி போட்டாலும், அரைமணி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வேண்டும். அவள் எழுந்து வருகிற வரை ஜீப்பு நகராது. ஒருத்திக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டுமா என்று செட்டில் முதலில் முணுமுணுப்பு வந்தது. "அன்னைக்கு ஒருத்திக்காக எல்லாரும் எறங்குனீங்கல்ல? எறங்கத் தெரிஞ்சவளுகளுக்கு உக்காரத் தெரியாதா?" என்று மருதாயி கேட்டாள். முணுமுணுப்பு அடங்கியது.

ஆடிக் காற்றில் புதுக் காயெடுப்பு தொடங்கியது. ஒரு நாள் செட்டுக்குப் புதிதாக வந்த அய்யம்மாள் இடுப்புப் பிடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டாள். தான் முன்பு இருந்த செட்டின் வழக்கப்படி பஞ்சை அழுத்திக்கொண்டு ஓடி வந்தாள். மருதாயி முன்சீட்டிலிருந்து இறங்கினாள்.

"எங்க ஓடுற? போயி உக்காரு."

"அய்யய்யோ, எனக்கு ஒன்னும் பண்ணாதுக்கா. என்னால லேட்டாகும். பள்ளத்துக் காடு போயிரும்."

"போகட்டும். காடு எங்கிட்டும் நடந்து போகாது."

மருதாயி அவளைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். பால்ராஜ் எஞ்சினை அணைத்தான். ரோஜா இறங்கி வந்து தன் முன்கையை அய்யம்மாள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படிக்கத் தெரியுமா? இதப் படி மொதல்ல."

மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒருவன் ஹாரன் அடித்து, "என்ன பாலு, டயரு பஞ்சரா?" என்று கத்திக்கொண்டு போனான். பால்ராஜ் கையை மட்டும் ஆட்டினான். எல்லாம் போன பிறகு பார்த்தால், பின்னால் ஒரு ஜீப்பு அப்படியே நின்றிருந்தது.

"நீ எதுக்குடா நிக்கிற?" என்று மருதாயி கேட்டாள்.

பாண்டித்துரை ஆஸ்பத்திரிக்குள் கையைக் காட்டினான். அவன் செட்டுப் பெண் ஒருத்தியும் அங்கே பெஞ்சின் மறுகோடியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்காளும் ஊசி போட்டுருக்குல்ல? அரைமணி ஆகட்டும். கடைசியில பாருங்க, இப்பவும் உங்க தார்ப்பாய்க்குப் பின்னாலதான் நிக்கிறேன்."

நுஸ்ரத் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, பெஞ்சில் இருக்கிறவர்களின் கையையும் உதட்டையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "போகலாம்க்கா" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மருதாயி பார்த்தாள். எத்தனை காலம் சொல்லி, யாரும் கேட்காத வார்த்தை.

எஸ்டேட்டில் போய் இறங்கும்போது வெயில் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. பள்ளத்துக் காட்டில் வேறு யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் மலையாளத்துக்காரர். குடையை ஊன்றி நின்று இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார்.

"எந்தா சேச்சி, இன்னும் வைகியல்லோ? பண்டு நிங்களல்லே ஆத்யம் வருந்நது?"

இன்றைக்கும் பிந்திவிட்டீர்களே, முன்பெல்லாம் நீங்கள்தானே முதலில் வருவீர்கள் என்கிறார். மருதாயி முந்தானையை இடுப்பில் இறுகச் சொருகினாள். பின்னால் ஜீப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அய்யம்மாள் இறங்கினாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ரோஜா இறங்கினாள்.

"ஆமா சார், லேட்டுத்தான். எண்ணிப் பாத்துக்கங்க. ஒரு தலை கொறையல."

சொல்லிவிட்டு, அவர் எந்தக் காடு என்று சொல்லுமுன்னே, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்காட்டைப் பார்த்து முன்னால் நடந்தாள்.